சாம்பல் கோடு

வீட்டுப் பிளான் வரைகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கட்டப்போகும் சுவரைப் பளிச்சென்று வெள்ளையில் போடுவார்கள். மண்ணுக்கு அடியில் ஏற்கெனவே கிடக்கிற சாக்கடைக் குழாய், தண்ணீர்க் குழாய், கரண்ட் கேபிள் ஆகியவற்றை மெல்லிய சாம்பல் நிறத்தில் புள்ளிக்கோடாகப் போட்டுப் பின்னால் தள்ளிவிடுவார்கள். கறுப்புத் திரையில் சாம்பல் கோடு. இருக்கிறது என்று தெரிந்தால் போதும், கண்ணை உறுத்தக் கூடாது. அந்தக் கோடுதான் முதலில் காணாமல் போனது.

வீட்டில் உட்கார்ந்தே பிளான் வரைகிற அவள் சட்டென்று நம்பிவிடவில்லை. யாரோ கோட்டை அழித்துவிட்டார்கள் என்று நினைத்து இன்ஜினியர் ஆபீஸை மனதுக்குள் நன்றாகத் திட்டினாள். மவுஸை அந்த இடத்துக்குக் கொண்டுபோனதும் கோடு இருக்கும் இடத்தில் மட்டும் எட்டிப் பார்க்கும் சின்னப் பச்சைக் கட்டம் எட்டிப் பார்த்தது. மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். கோடு இருந்தது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

வேறு யாராக இருந்தாலும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பார்கள். அவளால் முடியாது. ஏனென்றால் பக்கத்து அறையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

அண்ணனுக்குப் பார்வை கிடையாது. பிறவியில் அப்படி இல்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவன், ஒருநாள் போர்டில் முடி மாதிரி ஓடும் விரிசல் தன் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை என்றான். எல்லோரும் தூக்கம் போதவில்லை என்றார்கள். அடுத்து வெளிர் நிறங்கள் போயின. அதற்குள் வெளிச்சமே ஆகாமல் போய், ஜன்னலை அடைத்துக்கொண்டு வேலை பார்த்தான். பிறகு ஓரங்கள் போயின, பிறகு முகங்கள். டாக்டர் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, "கூடப் பொறந்தவங்களும் கண்ணைப் பாத்துக்கட்டும்" என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொன்னார். அவர் போய்விட்டார், அந்த வார்த்தை போகவில்லை.

அந்த வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். அவள் வரைகிற பிளானில்தான் அடுப்பு எரிகிறது. அண்ணனுக்கும் வாய் நீளம், தங்கைக்கும் வாய் நீளம். அரசியல்வாதியிலிருந்து மாடிவீட்டுக்காரி வரை ஒருவரையும் விட்டுவைக்க மாட்டார்கள். ஆனால் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று இருந்தால் மட்டும் இரண்டு பேரும் வாயைத் தைத்துக்கொள்வார்கள். பரம்பரை வியாதி என்று அந்தக் குடும்பத்தில் ஏதாவது இருந்தால் அது இதுதான் என்பது என் எண்ணம்.

அதனால் அவள் யாரிடமும் சொல்லாமல் துப்புத் துலக்க ஆரம்பித்தாள்.

முதலில் திரையின் அடியில் இருக்கும் பொத்தானை அமுக்கி வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றினாள். கொஞ்சம்தான் கூடியது. பொத்தானை அமுக்கும்போது வருகிற மெனுவின் பெரிய வெள்ளை எழுத்துகள் மட்டும் கண்ணைப் பறித்தன. 'தடியா இருக்கிறதெல்லாம் தெரியுது, மெல்லிசா இருக்கிறதுதான் போகுது' என்று அவள் முடிவு கட்டினாள். அண்ணனுக்கும் அப்படித்தானே தொடங்கியது.

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் கொஞ்ச நேரம் எல்லாம் வெளிச்சமாக இருக்கும். அப்புறம் யாரோ திரைக்கு முன்னால் துணியை இழுத்துவிட்டதுபோல் மங்கிவிடும். 'பாத்துக்கிட்டே இருந்தா கண்ணு அதுக்குள்ள தளர்ந்துடுது' என்று அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தாள்.

திரையே கெட்டுவிட்டதோ என்ற ஆசையில், ஆபீஸில் சும்மா கிடந்த இன்னொரு திரையை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து மாட்டினாள். வயரையும் மாற்றினாள். அதிலும் அதே மங்கல். கடைசி நம்பிக்கையாகத் திரையில் தெரிவதை அப்படியே படமாகப் பிடித்து ஆபீஸுக்கு அனுப்பினாள். அங்கே அவளைப்போலவே பிளான் வரைகிற ஒருவர் இருக்கிறார். ஒல்லியும் உயரமுமாக இருப்பதால் ஊரே அவரை ஸ்கேல் என்றுதான் கூப்பிடும்.

"இதுல சாக்கடைக் கோடு தெரியுதா பாருங்க" என்று போனில் கேட்டாள்.

"பளிச்சுன்னு தெரியுதேக்கா. ஏன், உங்களுக்குத் தெரியலையா? வயசாயிடுச்சு, கண்ணாடியை மாத்துங்க" என்று ஸ்கேல் சிரித்தார்.

அவளும் கூடவே சிரித்தாள். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தம் இல்லாவிட்டால் அண்ணனுக்குக் கேட்டுவிடும். அந்த வீட்டில் அழுவதென்றால் இந்த ஒரு வழிதான்.

அண்ணனுக்குக் கேட்காதது என்று எதுவும் கிடையாது. பால் பொங்கப்போவது அவனுக்குத்தான் முதலில் தெரியும். மத்தியானம் அவள் சமைக்கிற நேரத்தில் அவளுடைய கம்ப்யூட்டர்தான் அவனுக்குப் பொழுதுபோக்கு. காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வான். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற சாஃப்ட்வேர் ஒன்று உண்டு. அதை ஓடவிட்டு, மவுஸைத் தொடாமல் விசைப்பலகையிலேயே உலகத்தைச் சுற்றிவிட்டு வருவான். கண் எரிகிறது என்று அவள் சொட்டு மருந்து வாங்கிய நாளிலிருந்து, சாப்பிடும்போது ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி.

"பாப்பா, கண்ணு எரியுதா?"

நரை தட்டிய பிறகும் அவனுக்கு அவள் பாப்பாதான்.

"இல்லண்ணா, நல்லாத்தான் இருக்கு."

"முன்னைக்கு இப்ப பரவாயில்லையா?"

"ரொம்பப் பரவாயில்ல. நீ சாப்பிடு."

அவன் தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிடுவான். அவன் நம்பவில்லை என்பது அவளுக்கும் தெரியும். சாயங்காலம் உட்கார்ந்தால் திரை இன்னும் ஒரு சுற்று மங்கியிருக்கும். வெள்ளைச் சுவர்கள்கூடப் பழைய தலையணை உறையின் நிறத்துக்கு வந்துவிட்டன. வெளியிலிருந்து வரும் ஒளி திரையைக் கெடுக்கிறது என்று ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். அந்த இருட்டறையிலிருந்து எழுந்து வாசலுக்குப் போனால் வெயில் முகத்தில் அறைந்தது. அண்ணன் ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. எல்லாம் வரிசைப்படிதான் நடக்கிறது என்று நினைத்தாள்.

பிறகு இன்ஜினியரின் போன் வந்தது.

"என்னம்மா இது? நீங்க போட்ட தூணுக்குக் குழி தோண்டினா, நேரா பக்கத்து வீட்டு சாக்கடைக் குழாய்ல போய் நிக்குது. உடைஞ்சு தெரு பூரா நாறுது. அந்தக் கோடு பிளான்லயே இருக்கே! அது மேலயே தூணை வெச்சிருக்கீங்க!"

"சார்..."

"புதுசா சேந்தவங்க பண்ணினாக்கூட ஒத்துக்கலாம். உங்க பிளானை நான் திரும்பிப் பாக்கிறதே கிடையாது. கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போடுவேன். நீங்களும் கண்ணை மூடிக்கிட்டு வரைஞ்சா எப்படிம்மா?"

அவர் கோபத்தில் சொன்ன வார்த்தை. அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. அடுத்த பிளானை ஒழுங்காக அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண் போனால் வேலை போகும். வேலை போனால் அண்ணன் கதி? இருட்டில் இருக்கும் ஒருவரை இன்னொருவர் கையைப் பிடித்து நடத்தலாம். இரண்டு பேருமே இருட்டில் இருந்தால் யார் கையை யார் பிடிப்பது?

மறுநாள் காய் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அண்ணனை எத்தனையோ தடவை கையைப் பிடித்து அழைத்துப்போன அதே ஆஸ்பத்திரி. பதிவு செய்கிற பெண் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"வீட்ல வேற யாருக்காவது கண்ணுல பிரச்சினை உண்டா?"

"இல்லை" என்றாள் அவள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் இல்லாமல் போய்விடும் என்று அந்த நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும்.

நர்ஸ் கண்ணில் மருந்தை ஊற்றி, "மூடிட்டு உக்காருங்க, கூப்பிடுவோம்" என்றாள். நீளமான பெஞ்சில், கண்ணை மூடிக்கொண்டு, கண்ணை மூடியவர்களின் நடுவில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு அம்மாவின் குரல், "கூட யாரு வந்திருக்காங்கம்மா?" என்று கேட்டது.

"யாரும் வரலைங்க."

"ஐயையோ! மருந்து விட்டா ஒண்ணும் தெரியாதே, எப்படிப் போவீங்க?"

அந்த அம்மா அக்கறையில்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வி அவளை எழுப்பிவிட்டது. உள்ளே போனால் அந்த வாயில் நுழையாத பெயரை இவளுக்கும் சொல்வார்கள். சொன்ன பிறகு அதைச் சொல்லாததாக ஆக்க முடியாது. பெயர் கூப்பிடுவதற்குள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். தெரு முழுக்க வெள்ளையாக எரிந்தது. வண்டிகளுக்கு ஓரமே இல்லை. மருந்தினால்தான் இப்படி என்று அறிவு சொன்னது. பயம் எந்தக் காலத்தில் அறிவு சொல்லிக் கேட்டிருக்கிறது? இனிமேல் இப்படித்தான் இருக்கும் என்று முனகிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். காய் வாங்க மறந்துவிட்டாள்.

"காய் வாங்கலையா பாப்பா? பை சத்தமே வரலையே" என்றான் அண்ணன்.

"ஒண்ணும் நல்லா இல்லண்ணா. எல்லாம் வாடிப் போயிருந்துச்சு."

அதற்குப் பிறகு அவள் செய்ய ஆரம்பித்ததைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. அண்ணன் ரேடியோ கேட்கும் நேரமாகப் பார்த்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பழகினாள். அடுப்பைத் தடவிப் பற்றவைத்தாள். உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் குலுக்கி, எது எது என்று சொல்லிப் பார்த்தாள். கதவு நிலையில் இடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். கண் இருக்கும்போதே கற்றுக்கொண்டால் போகும்போது அவ்வளவு வலிக்காது என்பது அவள் கணக்கு. யாரும் போடக் கூடாத கணக்கு.

ஒருநாள் அப்படிச் சுவரைத் தடவிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது அண்ணனின் குரல் கேட்டது. ரேடியோவை எப்போது நிறுத்தினான் என்று தெரியவில்லை.

"ஏன் பாப்பா சுவத்தைத் தடவிக்கிட்டு நடக்கிற?"

"கரண்ட் போயிடுச்சுண்ணா" என்றாள்.

தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. எப்போதும் அப்படித்தான் சத்தம் போடும், எண்ணெய் போடவேண்டும் என்று அண்ணன்தான் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் இரண்டு பேர் காதிலும் விழுந்தது.

"பட்டப்பகல்ல எதுக்குடி கரண்டு?" என்றான் அண்ணன் மெதுவாக.

அவள் அவன் காலடியில் உட்கார்ந்தாள். இனி மறைக்க அவளிடம் தெம்பு இல்லை.

"அண்ணா, உன்னோட பேசுற சாஃப்ட்வேரை எனக்கும் கத்துக்குடு."

அவன் எதற்கு என்று கேட்கவில்லை. அவன் முகம் சுருங்கிப்போனதைப் பார்க்க முடியாமல் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எது போச்சு?" என்று கேட்டான்.

"மெல்லிசா இருக்கிற கோடு. வெளிர் நிறம். வெளிச்சத்துல போனா கண்ணு கூசுது."

"எல்லாம் அதே மாதிரியா?"

"எல்லாம் அதே மாதிரிதாண்ணா."

அவன் கை அவள் தலையைத் தேடி வந்தது. "காப்பாத்திடலாம்னு நெனச்சேனே பாப்பா. உனக்கு வராம பாத்துக்கலாம்னு நெனச்சேனே" என்று சொல்லிச் சொல்லி அழுதான். பாசத்தில் புலம்புகிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவளும் அழுதாள். குழாயைத் திறக்காமல் அழுது எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

அழுது முடித்தவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "வா, கத்துக்கிட்டா பயம் குறையும்" என்று அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, தன் ஹெட்போனை அவள் காதில் மாட்டினான். நாளைக்கு இன்ஜினியருக்கு அனுப்பவேண்டிய பிளான் திரையில் திறந்தபடி இருந்தது. அதில் வெள்ளைச் சுவர்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன.

"கண்ணை மூடிக்கோ. மூடினாத்தான் காது வேலை செய்யும். இந்த அம்புக்குறியை அமுக்கிக்கிட்டே போ. கீழ் மூலையில வரிசையா என்னென்ன இருக்கோ ஒவ்வொண்ணா சொல்லும்."

அவள் அமுக்கினாள். உணர்ச்சியே இல்லாத ஒரு பெண் குரல் காதுக்குள் பேசியது. நேரம். அடுத்து, ஒலி அளவு. அடுத்து, இணைய இணைப்பு. அவள் தினமும் பார்க்கிற மூலைதான். அங்கே மூன்றே படங்கள்தான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். கை தன்போக்கில் நாலாவது தடவையும் அமுக்கிவிட்டது.

"கண் காவலன். மறைக்கப்பட்டுள்ளது. திரை வெளிச்சம் பதினெட்டு சதவீதம்."

அவள் கண்ணைத் திறந்தாள். மூலையில் மூன்று படங்கள்தான் இருந்தன. மறுபடியும் அமுக்கினாள். குரல் அதையே சொன்னது.

"அண்ணா, கண் காவலன்னா என்ன?"

ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அது நான் போட்டது" என்றான்.

"நீயா? எப்போ?"

"கண்ணு எரியுதுன்னு நீ முதல்ல சொட்டு மருந்து வாங்கினப்ப. திரை வெளிச்சத்தைக் குறைச்சா கண்ணுக்கு நல்லதுன்னு ரேடியோவுல சொன்னாங்க. கம்ப்யூட்டரைப் போட்டு கொஞ்ச நேரத்துல தானா திரைமேல மட்டும் நிழல் மாதிரி விழற ஒரு சாஃப்ட்வேர் இருக்குன்னும் சொன்னாங்க. உங்கிட்ட கேட்டா அதெல்லாம் எதுக்குன்னு வேணாம்பே. அதான் சொல்லாம போட்டு, படம் தெரியாம மறைச்சு வெச்சேன்."

"பதினெட்டா வெச்ச?"

"முதல்ல எண்பதுதான். நீ அப்புறமும் பெருமூச்சு விட்டுக்கிட்டே இருந்த. நீ கண்ணைத் தேய்ச்சா வளையல் ஆடும், எனக்குக் கேக்கும். ஒவ்வொரு தடவை கேட்டப்பவும் மத்தியானம் வந்து இன்னும் கொஞ்சம் குறைச்சேன்."

மங்க மங்க அவள் கண்ணைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அவன் இன்னும் மங்கவைத்தான். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து ஒரே கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறார்கள்.

"பதினெட்டோட நிறுத்திட்டேன்" என்றான் அவன். "கடைசியில என் கண்ணுக்கு அந்த அளவுலதான் எரிச்சல் நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் எனக்கு ஒண்ணுமே தெரியாம போச்சே."

அவள் திரும்பி, மேல் அம்புக்குறியை அமுக்கினாள். முப்பது. நாற்பத்தைந்து. கழற்றி வைத்த ஹெட்போனுக்குள் அந்தக் குரல் கொசு மாதிரி எண்களைச் சொல்லிக்கொண்டே போனது. தலையணை உறை நிறம் வெளுத்தது. எழுபது. சுவர்கள் பளிச்சென்று நின்றன. நூறு. திரைக்குள்ளிருந்து சாம்பல் கோடுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. தண்ணீர்க் குழாய், கேபிள், சாக்கடை. இந்தப் பிளானிலும் ஒரு தூண் கரண்ட் கேபிளின் தலைமேலேயே நின்றது. இதை இப்படியே அனுப்பியிருந்தால் குழி தோண்டுகிறவன் உயிர் போயிருக்கும்.

பயம் போன இடத்தில் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

"உனக்கு அறிவு இருக்கா? செத்துச் செத்துப் பிழைச்சேனே நான்! ஆஸ்பத்திரி பெஞ்சுல அநாதை மாதிரி உக்காந்துட்டு வந்தேன்! கண்ணு தெரியாதவனுக்கு வெளிச்சத்துல என்ன வேலை?"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அவள் வாய் ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை.

அண்ணன் கோபப்படவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, அவள் மூச்சு அடங்கும் வரை காத்திருந்தான்.

"இப்ப தெரியுதா?" என்று கேட்டான்.

"தெரியுது."

"சாம்பல் கோடு?"

"எல்லாம் தெரியுதுண்ணா."

அவன் பெருமூச்சு விட்டான். பிறகு தயங்கித் தயங்கி, பெரிய தப்பு செய்துவிட்ட பிள்ளையின் குரலில் கேட்டான்.

"ரொம்ப இருட்டா இருந்துச்சா பாப்பா?"

அவள் மங்கலில்தான் இருந்தாள், அதுவும் ஒரு திரையின் அளவு மங்கலில். அதற்கே ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்தாள், உப்பு டப்பாவைக் குலுக்கினாள், வாழ்க்கை முடிந்தது என்று குழாயடியில் அழுதாள். அவனுக்குச் சோறு போட்டிருக்கிறாள், கையைப் பிடித்து நடத்தியிருக்கிறாள், மருந்து வாங்கி வந்திருக்கிறாள். ஆனால் அவன் இப்போது கேட்ட இந்த ஒரு கேள்வியை அவள் அவனிடம் கேட்டதே இல்லை.

"இருந்துச்சுண்ணா" என்றாள். "உனக்கு?"

எங்கிருந்து தொடங்குவது என்று தேடுகிறவன்போல் அவன் விரல்கள் நாற்காலியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தன. அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவனை அதில் உட்காரவைத்து, திரைக்கு முதுகைக் காட்டி அவன் எதிரே உட்கார்ந்தாள்.